முதல் நடைக்காகத் திட்டு வாங்கியவர்

உடையார்பாளையத்தில் என் டவுன் பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த எங்கள் பணிமனைக் கிளை வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. அதன் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, நம்ம அருளப்பன் சார் போயிட்டாருண்ணே. காலையில வூட்டுலயே, தூக்கத்துலயே" என்றார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். எனக்கு வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

செக்கர் செத்ததற்கு ஒரு டிரைவர் அழுதான் என்றால் நம் தொழிலில் யாரும் நம்பமாட்டார்கள். பாம்புக்கும் கீரிக்கும் உள்ள உறவுதான் நமக்கும் டிக்கெட் பரிசோதகர்களுக்கும். அருளப்பன் சாருக்கு நாம் வைத்திருந்த பெயர் 'புளியமரம்'. எந்தச் சாலையில் எந்தப் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கையை நீட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. அவரை எங்கேயாவது பார்த்துவிட்டால், எதிரே வரும் நம் வண்டிக்கு லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டுவோம். 'முன்னால் செக்கர் நிற்கிறார், சீட்டெல்லாம் சரியாக இருக்கட்டும்' என்று அதற்குப் பொருள். இது நம் பிழைப்பு ரகசியம், அவருக்குத் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவரை மனிதராக நான் முதலில் பார்த்தது பாடாலூரில். அப்போது என்னைப் பெரம்பலூர் பக்கம் சிறப்பு வண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். டீக்கடையில் அவரும் இருந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். "யோவ் மருதமுத்து, நான் என்ன கடிச்சா வெச்சிடுவேன்? வா, டீ குடி" என்றார். நான் சும்மா இருக்காமல், டவுன் பஸ்ஸில் எதுவுமே மிஞ்சாதபோது எதற்கு சார் இத்தனை பரிசோதனை என்று கேட்டுவிட்டேன். அவர் நெடுஞ்சாலையில் போன சென்னை வண்டியைக் காட்டினார். "அது சம்பாதிக்கிற அண்ணன். நீ ஓட்டுற டவுன் வண்டி படிக்கிற தங்கச்சி. தங்கச்சி செலவு பண்ணலாம், தப்பில்ல. ஆனா ஒழுங்கா பள்ளிக்கூடம் போறாளான்னு வூட்டுல கேப்பாங்கள்ல? அதுக்குத்தான் நான்" என்றார். போக்குவரத்துக் கழகம் எப்படி நடக்கிறது என்று இத்தனை எளிதாக எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

பிறகு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அப்போது என் வண்டியின் முதல் நடை, விடிந்தும் விடியாமலும் கடைசி ஊரிலிருந்து கிளம்பும். ஏறுகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்தான். முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவர்கள், ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள். அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு என்று ஒன்று கொடுக்க வேண்டும். அதை வாங்க மாட்டேன் என்றார்கள். கோபத்தால் அல்ல, நல்ல மனதால். தைலம்மை அக்கா என்று ஒருவர், அந்தக் கூட்டத்துக்கே தலைவி மாதிரி. "ஏந்தம்பி, காசே வாங்காம ஏத்திக்கிட்டுப் போறீங்க. அதுக்குப் பேப்பர வேற வீணாக்கணுமா? ஏற்கெனவே நட்டத்துல ஓடுற வண்டி" என்பார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் செல்வராசு கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். ஆளுக்கு ஆள் சீட்டைக் கிழிக்கவே விடாமல் அவர் கையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

விளைவு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சீட்டை வைத்துத்தான் அரசாங்கம் கழகத்துக்குப் பணம் தருகிறது. கிளையில் இருப்பவர்கள் பார்ப்பதும் சீட்டைத்தான். நிற்க இடமில்லாமல் வரும் வண்டி, காகிதத்தில் காலியாக வந்தது. ஆளில்லாத நடை, வேறு தடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அந்த நடை நின்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்த வண்டி வெயில் ஏறிய பிறகுதான். முந்திரிக் கொட்டகையில் அதுவரை யாருக்கும் வேலையை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

செல்வராசு ஒரு வழி சொன்னார். கடைசி ஊரில் வண்டி நிற்கும்போதே ஒரு கட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம், கணக்கு சரியாகிவிடும், ஏறுகிறவர்கள்தானே என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அதற்குள் எப்படியோ மோப்பம் பிடித்து அருளப்பன் சார் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் எங்கள் இருவரையும் நிறுத்தினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஏறாத பொம்பளைக்குச் சீட்டுக் கிழிச்சா அது திருட்டு. ஏறின பொம்பளைக்குக் கிழிக்காம வுட்டாலும் திருட்டுதான்யா. அவ போற வண்டிய அவகிட்டேருந்தே திருடுறீங்க" என்றார்.

மறுநாள் அவரே வந்து முதல் நடையில் ஏறினார். பெண்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நீங்கள் சீட்டு வாங்கினால்தான் கழகத்துக்குப் பணம் வரும், வாங்காவிட்டால் வண்டியே நின்றுவிடும் என்றார். தைலம்மை அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க ஓசியில போனா உங்களுக்குக் கவருமெண்டு காசு குடுக்குதாக்கும்? யாருகிட்ட சார் கத வுடுறீங்க?" என்றார். வண்டியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை என்னை மட்டும் கூப்பிட்டார். "எதிர வர்ற வண்டிக்காரங்ககிட்டச் சொல்லி வை. தினமும் முதல் நடைக்கு உனக்கு லைட் அடிக்கட்டும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"நீங்க நிக்காத அன்னைக்குமா சார்?"

"நான் நிக்காத அன்னைக்குத்தான்யா கண்டிப்பா அடிக்கணும். இத்தன வருசம் என்ன ஏமாத்தறதுக்கு அடிச்சீங்க. இப்ப எனக்காக அடிங்க. செக்கர் நிக்கிறாரு, சீட்டு இல்லேன்னா கண்டக்டருக்கு மெமோ வரும்னு சத்தமாச் சொல்லு. மெமோ வர்றதாவது பொய்யில்ல."

பலித்தது. தங்களுக்காகச் சீட்டு வாங்காதவர்கள், செல்வராசுக்காக வாங்கினார்கள். எதிரே லைட் அடித்தவுடன், "ஐயையோ, கண்டக்டர் தம்பிக்கு வம்பாயிடும்டி, வாங்குங்கடி" என்று தைலம்மை அக்காவே கையை நீட்டுவார். நீட்டிய கையோடு அருளப்பன் சாரின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார். "விடியங்காட்டியும் வந்து நிக்கிறானே, அவனுக்கு வூடு வாசல் கெடையாதா? அடுத்தவன் வவுத்துல அடிச்சுத்தான் அவன் கஞ்சி குடிக்கணுமா?" இதைத் தினமும் கேட்டு வண்டி ஓட்டினேன்.

ஒருநாள் அவர் உண்மையாகவே ஏறிவிட்டார். தைலம்மை அக்கா அடங்கவில்லை, அவர் முகத்துக்கு நேராகவே அத்தனையும் சொன்னார். சார் வாயைத் திறக்காமல் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று சொல்லி இறங்கினார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மறுநாள் டைம் ஆபீஸில், "உண்மைய நானே சொல்லிடுறேன் சார்" என்றேன்.

"சொன்னா நாளைக்கே பயம் போயிடும். நல்ல பேரு எனக்கு எதுக்குய்யா, பென்சனோட சேத்துக் குடுப்பானா? திட்டுனவ கையில சீட்டு இருந்துச்சு. நான் அதத்தான் பாத்தேன்" என்றார்.

முதல் நடை நிற்கவில்லை. தடம் மாற்றும் பேச்சும் அடங்கிவிட்டது. சீட்டுக் கட்டு போய் மெஷின் வந்தது, லைட் அடிப்பது மட்டும் நிற்கவில்லை. அவர் ஓய்வு பெற்று வரதராஜன்பேட்டையில் மாதா கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்த நாட்களிலும், எங்கள் தடத்தில் அவர் செக்கராகத்தான் இருந்தார். போய்ப் பார்க்கும்போதெல்லாம், "இன்னுமா திட்டுறாங்க?" என்று ஆசையாகக் கேட்பார். புதிதாக ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, கடைசி ஊரில் எல்லோரும் ஏறியபின் நான் வண்டியை எடுக்கவில்லை. எழுந்து திரும்பி நின்று, நடந்ததை முழுதாகச் சொன்னேன். பேசிப் பழக்கமில்லை, முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. தைலம்மை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த மனுசன மூஞ்சிக்கு நேரா பேசினனே தம்பி. ஒரு நாளு சொல்லியிருந்தா ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்திருக்க மாட்டனா?" என்றார். பிறகு செல்வராசு பக்கம் கையை நீட்டி, "சீட்டக் குடு. இனிமே எவனும் லைட்டு அடிக்க வேணாம்" என்றார்.

சார், உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. சொல்லியிருந்தாலும் கேலி செய்துதான் அனுப்பியிருப்பீர்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: ஒருத்தருக்கு நல்லது நடக்க வேண்டுமானால் அவரிடமே திட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் வெடுக்கென்று பேசுகிற ஆள், ஒரு சொல் பொறுக்காதவன். போன வாரம் ஒரு நிறுத்தத்தில், வயல் வரப்பில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஓடிவருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். நேரமாகிறது என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் என்னை என் குலத்தோடு சேர்த்துத் திட்டினார். வாயைத் திறக்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.