ரத்னாபாயின் கம்ப்யூட்டரும் சத்தியநேசனின் ஸ்டெபிலைசரும்

ரத்னாபாயின் காது பொல்லாத காது. ஸ்ரீவராகத்தில் அவள் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பன்னிரண்டு மெஷின் ஒன்றாகத் தடதடத்தாலும், எந்த மூலையில் யாருடைய விரல் தப்பியது என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவாள்.

எண்பத்தெட்டாம் வருஷத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் ஆசை பிடித்தது. கம்பெனி மெஷின் வாங்கக் கட்டுப்படியாகாது. சென்னையிலிருந்து போர்டு, டிரைவ், பெட்டி எல்லாம் தனித்தனியாக வரவழைத்து, கூட வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்து, தானே திருகி முடுக்கி ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி எழுப்பினாள். திரையில் முதல் எழுத்து வந்த அன்று தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள். கொடுக்கமாட்டாளா பின்னே!

ஆனால் அது பாதியில் அணைந்து அணைந்து போயிற்று. கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரி செவ்வாய்க்கிழமை வருகிறார். அவர் கண்முன் ஒரு மணி நேரம் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு.

கணவர் சத்தியநேசன் கிழக்கேகோட்டையில் ஸ்டெபிலைசர் செய்து விற்பவர். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் அவருக்கு வியாபாரத்துக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டருக்கு என்றே பார்த்துப் பார்த்து ஒன்று செய்து மேஜைக்கடியில் வைத்திருந்தார். இப்போது பெட்டியைத் திறந்து தூசி தட்டினார், ஃபேனை மாற்றினார், போர்டை அழுத்தி உட்காரவைத்தார். மெஷின் மசியவில்லை.

"வோல்டேஜ்தான் சதி பண்ணுது, கேட்டியா," என்று இன்னொரு ஸ்டெபிலைசரையும் கொண்டுவந்து முதலாவதோடு சேர்த்து மாட்டினார்.

அதுவரை நாளுக்கு நாலு தடவை செத்த மெஷின், மறுநாள் எட்டுத் தடவை செத்தது.

அங்கேதான் ரத்னாபாய்க்குப் பொறி தட்டியது. ஞாயிறு மாலை, ஆளரவமற்ற வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மேஜைக்கடியில் 'டக்' என்றது. கண் திறந்தால் திரை இருண்டிருந்தது. மறுபடி ஓட்டினாள். வோல்டேஜ் இறங்கி பல்பு மங்கியபோதும் மெஷின் நிற்கவில்லை. 'டக்' என்ற பிறகே போனது. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வோல்டேஜ் குறைஞ்சா இது தாங்குதுங்க. உங்க பெட்டி உள்ளே மாத்திப் பிடிக்குதுல்லா, அப்ப ஒரு கண் இமைக்கிற நேரம் கரண்ட் அறுந்துபோவுது. அதைத்தான் இதால தாங்க முடியல்ல."

"என் ஸ்டெபிலைசரையா சொல்லுத?"

"ரெண்டையும்தான்."

அவள் ஒயரைப் பிடுங்கி நேரே சுவரில் செருகினாள். "எரிஞ்சு சாம்பலாவும்!" என்று சத்தியநேசன் தலையில் கைவைத்தார். பல்பு மூன்று முறை மங்கிற்று. கம்ப்யூட்டர் கம்மென்று ஓடியது. சத்தியநேசன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாயன்று பதினொன்றுக்கு வரவேண்டிய அதிகாரி மாலை ஆறுக்கு வந்தார். வோல்டேஜ் தள்ளாடும் நேரம். வந்தவர் சத்தியநேசனிடமே எல்லாவற்றையும் கேட்டு, படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஸ்டெபிலைசர் இல்லே?"

"வேண்டாம் சார்," என்றாள் ரத்னாபாய்.

அரைமணி போனது. பல்பு மங்கி, இழை சிவந்து தெரிந்தது. சத்தியநேசனின் கை தன்னையறியாமல் ஸ்டெபிலைசரைத் தேடி மேஜைக்கடியில் போயிற்று. "சும்மா இரிங்க," என்று பல்லைக் கடித்தாள். திரையில் எழுத்துகள் வரிசை குலையாமல் ஏறின. பல்பு தெளிந்தது, மறுபடி மங்கிற்று. மெஷின் அதைச் சட்டை செய்யவே இல்லை. மணி ஏழானது. ரத்னாபாய்க்கு எழுந்து கூத்தாடலாம் போலிருந்தது.

"கொள்ளாம்!" என்று மலையாளத்தில் மெச்சிய அதிகாரி சத்தியநேசனின் தோளைத் தட்டினார். "நன்னாயிட்டு அசெம்பிள் செய்திருக்கீங்க."

சத்தியநேசன் தொண்டையைச் செருமினார். "கட்டினது இவளாக்கும் சார். அடிக்கடி நிப்பாட்டினது நான்."

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு படிவத்தில் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "பேரு சொல்லுங்க மேடம்," என்றார்.