திவாலுக்குத் தப்பிய தையல் மிஷின்

சோபாக்காரம்மா என்று சொன்னால் போதும், அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் கடையைக் காட்டிவிடுவார்கள். கிழிந்த சோபா, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, லாரி சீட் என்று எது வந்தாலும் பழைய தோலை உரித்துப் போட்டு, பஞ்சு மாற்றி, புதிது போலத் தைத்துக் கொடுப்பாள். அதில் அவள் கை பாதி, மிஷின் பாதி. சட்டை தைக்கிற சாதாரண மிஷின் இல்லை அது. மூன்றாக மடித்த தோலையும் சளைக்காமல் தைக்கிற இரும்பு ராட்சசன். கணவர் இருந்த காலத்தில் இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது.

அப்படிப்பட்டவள் கடனாளி ஆனது குடித்தோ கூத்தடித்தோ அல்ல. ஒரு பெரிய ஹோட்டல், மண்டபம் முழுவதற்கும் நாற்காலி தைத்துத் தரச் சொன்னது. கடன் வாங்கித் தோல் எடுத்தாள், ஆள் வைத்துத் தைத்தாள், கொண்டுபோய் இறக்கினாள். பணம் தரவேண்டிய நேரத்தில் ஹோட்டல்காரன் கதவைச் சாத்திவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க ஒரு கிரெடிட் கார்டு. வட்டி குட்டி போட்டது. காலையில் கண் விழிக்குமுன் போன் அடிக்கும். கடன் கம்பெனி ஆள் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

கடைசியில் திவால் மனு போடுவது என்று முடிவு செய்தாள். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போறாளாம், மானம் போச்சு என்று வாயில் போட்டு மென்றார்கள். கைகொடுக்க ஒருத்தரும் வரவில்லை, கருத்துச் சொல்ல மட்டும் வரிசை கட்டி நின்றார்கள்.

நாத்தனார் ஒருத்திதான் உதவிக்கு வந்தாள். வந்தவள் உருப்படியான யோசனையா சொன்னாள்?

"அண்ணி, மனு போட்டா வீட்ல ஒரு துரும்பைக்கூட விட்டுவைக்க மாட்டாங்களாம். மிஷினை எனக்கு வித்துட்டதா எழுதிக் குடுத்துடுங்க. எங்க வீட்ல கிடக்கட்டும். எல்லாம் அடங்கினப்புறம் தூக்கிட்டு வந்துடலாம்."

அதையேதான் செய்தார்கள். பட்டப்பகலில் ஆள் வைத்துத் தூக்கி, போர்வை போர்த்தி, வேனில் ஏற்றினார்கள். போர்வை போர்த்திவிட்டால் தெருவுக்குக் கண் தெரியாது என்று நினைப்பு. நாத்தனார் தன் வீட்டுக் கூடத்தில் மிஷின்மேல் துணி விரித்து டிவியைத் தூக்கி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இருவரும் இலவச சட்ட உதவி வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார்கள். அவர் பொறுமையாக விளக்கினார்.

"மனு போட்டதும் எந்தக் கடன்காரரும் உங்களுக்குப் போன் பண்ணக் கூடாது, வீட்டுக்கும் வரக் கூடாது. கோர்ட் ஒரு அதிகாரியைப் போடும். விக்கக்கூடிய சொத்தை அவர் வித்து, கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பார். மிச்சக் கடன் தள்ளுபடி. வரி பாக்கி, அபராதம் மாதிரி சிலது மட்டும் நிக்கும்."

"எல்லாத்தையும் வித்துடுவாங்களா?" என்று கேட்டாள் சோபாக்காரம்மா.

"அதெப்படி? நாளைக்கு நீங்க சாப்பிட வேண்டாமா? கட்டில், பாத்திரம், துணிமணியத் தொடமாட்டாங்க. பொழப்பு நடத்துற தொழில் சாமானையும் தொடமாட்டாங்க. உங்க மிஷின் உங்க பேர்ல இருந்தா பத்திரமா இருக்கும்."

சோபாக்காரம்மா திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாக்காரம்மா விஷயத்தைச் சொன்னதும் வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பத்திரமா இருந்ததைக் கொண்டுபோய் ஆபத்துல வெச்சிருக்கீங்க. மறைச்சுப் பிடிபட்டா மிஷினும் போகும், கடனும் தள்ளுபடி ஆகாது. முதல்ல திருப்பிக் கொண்டாங்க. மாத்தினது, திருப்பினது ரெண்டையும் மனுவுல எழுதணும். அப்பவும் அதிகாரி என்ன நினைப்பாரோ, என்னால உறுதி சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள். "அதான் திருப்பிக் கொண்டாரப் போறோமே, எழுதி வேற குடுக்கணுமா அண்ணி? நம்ம வாயாலயே நாம மாட்டிக்கணுமா? என்னையும் சேர்த்து உள்ள தள்ளிடுவாங்க."

சோபாக்காரம்மாவுக்கும் பயம்தான். மிஷின் போனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லை. ஆனால் பயந்து பயந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"போன் அடிச்சா பயம், கதவு தட்டினா பயம். இதையும் மறைச்சு வெச்சு ஆயுசுக்கும் பயப்படணுமா? வர்றது வரட்டும். நான் எழுதிடுறேன்."

டிவி தரைக்கு இறங்கியது. விற்றதாக எழுதியதை ரத்து செய்ததும் மிஷின் கடைக்குத் திரும்பியது. மனுவும் போட்டாயிற்று. மறுநாளிலிருந்து போன் வாயைத் திறக்கவில்லை. வீடு இத்தனை அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

விசாரணை அன்று நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடன் கம்பெனி ஆளும் வந்திருந்தான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி உடுத்திக்கொண்டு. அவன் முறை வந்ததும் ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தான். போர்வை போர்த்திய மிஷின் வேனில் ஏறுகிற போட்டோ.

"சார், இந்தம்மா மிஷினை நாத்தனார் வீட்ல பதுக்கிட்டாங்க. இவங்களுக்கு எதையும் தள்ளுபடி பண்ணக் கூடாது."

நாத்தனார் சோபாக்காரம்மாவின் கையைப் பிடித்து நெரித்தாள். அதிகாரி நிதானமாக மனுவைப் புரட்டினார்.

"என்னிக்குத் தூக்கினாங்க, யார் வீட்ல வெச்சாங்க, என்னிக்குத் திருப்பிக் கொண்டாந்தாங்க, எல்லாம் அவங்களே எழுதியிருக்காங்களே. நீங்க புதுசா என்ன சொல்றீங்க?"

அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஊதின பலூனில் ஊசி இறங்கியதுபோல ஆகிவிட்டான். ஆனாலும் விடவில்லை.

"சரி சார், மிஷினையாவது வித்துக் குடுங்க. நல்ல விலை போகும்."

"இது அவங்க தொழில் சாமான். பயத்துல தப்புப் பண்ணாங்க, கேக்குறதுக்கு முன்னாலயே திருத்திக்கிட்டாங்க. மிஷின் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

சோபாக்காரம்மாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடக்க மாட்டாமல் அங்கேயே அழுதாள், சந்தோஷத்தில்தான். வெளியே நடைவழியில் கடன் கம்பெனி ஆள், "தப்பிச்சுட்டீங்க" என்று முணுமுணுத்தான்.

"மறைச்சிருந்தா மாட்டியிருப்பேன் தம்பி. நானே சொல்லிட்டேன்" என்றாள்.

சில மாதங்களில் தள்ளுபடி உத்தரவு வந்தது. அந்த வாரமே சலூன்காரர் தன் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சோபாக்காரம்மா தோலை அளந்து வெட்டி மிஷினில் கொடுத்தாள். தரை அதிரத் தைத்தது ராட்சசன். சாயங்காலம் சலூன்காரர் நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேசிய பணத்தைக் கையில் வைத்தார்.

பழக்கதோஷம், இதை எவனுக்கு அனுப்புவது என்று மனசு தேடத் தொடங்கியது. தேடித் தேடிப் பார்த்தாள். ஒருத்தனும் இல்லை.

"இது என் காசு" என்றாள் வாய்விட்டு.

"உங்க காசுதான்மா, யாரு இல்லைன்னா?" என்று சொல்லிவிட்டு, சலூன்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்.