சேமிக்காத மூன்று மணி நேரம்

நான்காவது திருகு சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை.

"நகத்தை வைக்காதக்கா. நகம்தான் கையோட வரும்."

தம்பி ஒரு ரப்பர் வளையத்தைத் திருகின் தலைமேல் வைத்து, திருப்புளியை அழுத்தித் திருப்பினான். வந்துவிட்டது. லேப்டாப்பின் அடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை உருவி மேஜையில் வைத்தான். சீட்டுக்கட்டைவிடச் சிறியது.

"இதுல எத்தனை பேர் இருக்காங்க?"

"நானூத்திப் பன்னிரண்டு."

"ஆளா, காதா?"

"ஆள். காதுன்னா அறுநூத்திச் சொச்சம்."

அக்கா காதுக் கருவி பொருத்துகிறவள். காது கிளினிக்கில் மாடிப்படிக்கு அடுத்த அறை அவளுடையது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை, ஜன்னல் கிடையாது. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் 'காது மேடம்'. கருவியை ஒரு சிறிய பெட்டி வழியாக லேப்டாப்பில் இணைத்து, எந்தச் சத்தம் ஏற வேண்டும், எது அடங்க வேண்டும் என்று ஒவ்வொருவர் காதுக்கும் தனியாக அமைத்துக் கொடுப்பாள். இரண்டு நாள் முன்பு காலையில் லேப்டாப் விழிக்கவில்லை. பழுது பார்க்கும் கடையில் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி கிடைக்காது என்றார்கள். காதுக்கு அமைக்கும் நிரலைப் புதிய கணினியில் ஏற்றவும் வழியில்லை. அதைச் செய்த கம்பெனி மூடி ஆறு வருடம் ஆகிறது. குறுந்தகடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்கில் இருப்பதுதான் இருப்பது.

தம்பி ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். விடுமுறை நாளில் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த டிஸ்க்கை அப்படியே என் மிஷினுக்குள்ள எழுப்பப் போறேன். கணினிக்குள்ள ஒரு கணினி. வர்ச்சுவல் மிஷின்னு சொல்லுவோம். நிஜமா உடம்பு கிடையாது. ஆனா டிஸ்க்கு தனக்கு உடம்பு இருக்கிறதா நினைச்சுக்கும்."

"ஏமாத்தப் போற."

"மரியாதையா ஏமாத்தப் போறேன்."

டிஸ்க்கை நேராகவே ஓட்டலாம். ஆனால் எழுந்த உடனே அது தன்மேல் எழுதத் தொடங்கும். ஒருமுறை தவறாக எழுதினால் திருப்ப முடியாது. அதனால் முதலில் முழு நகல், பிறகு நகலை எழுப்புவது. "செத்தா நகல் சாகட்டும்" என்றான். நகல் முடிய மூன்று மணி நேரம் இருபது நிமிடம் என்று திரை காட்டியது.

அக்கா இந்த வேலைக்கென்று வந்தவள் அல்ல. பத்தொன்பது வருடம் முன்பு இந்தக் கிளினிக்கின் வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தாள். கருவி பொருத்துகிறவர் அடுத்த மாதமே வேறு இடத்துக்குப் போய்விட்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூச்சப்பட்டு, கையேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பரீட்சை எழுதித் தேறியதெல்லாம் பிறகு. வீட்டில் ரேடியோ போட மாட்டாள். அவள் கணவர் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகிவிட்டார். "உங்கக்கா வீட்டுக்குப் போனா எனக்கே காது டெஸ்ட் நடக்கிற மாதிரி இருக்கு" என்று தம்பியின் மனைவி சொல்வாள்.

யாருக்கும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்க மாட்டாள். இரண்டு மணி நேரம் கேட்ட காது களைத்துப்போகும். களைத்த காது எதைக் கொடுத்தாலும் சரி என்று சொல்லும். ஆகவே அளவு பிடிபட்டதும் சேமிக்காமல் அப்படியே விட்டுவிடுவாள். அந்த ஆள் தூங்கி எழுந்து மறுநாள் வந்து, மறுபடி கேட்டு, இதுதான் என்றால் மட்டுமே சேமிப்பு. அந்த நிரலில் சேமிப்பதும் கருவியில் எழுதுவதும் ஒரே பொத்தான். எழுதிவிட்டால் தவறான அளவுக்கும் ஆள் பழகிக்கொள்வார். பழகுவது வேறு, பொருந்துவது வேறு என்பது அவள் கட்சி.

மதியத்துக்கு மேல் நகல் முடிந்தது. தம்பியின் திரையில் ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. அதற்குள் பழைய லேப்டாப்பின் முதல் எழுத்துகள் வந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே கோடு பாதி நிரம்பியது, நின்றது. சதுரம் இருண்டுவிட்டது.

"அக்கா, கடைசியா எப்படி நிறுத்தின?"

"எப்பவும் போலத்தான். மூடியை மூடினேன்."

"அணைக்கலையா?"

"அணைச்சா எழுந்திரிக்கப் பத்து நிமிஷம் எடுக்கும். தூங்கத்தான் வைப்பேன். அப்பதானே காலையில திறந்தா எல்லாம் அப்படியே இருக்கும்?"

தம்பி விளக்கினான். மூடியை மூடியபோது லேப்டாப் தன் நினைவில் இருந்த அத்தனையையும் டிஸ்க்கில் ஒரு கோப்பாக இறக்கி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. இப்போது அதை எடுத்து மாட்டிக்கொள்ளப் பார்க்கிறது. "அந்த நினைவு முழுக்கப் பழைய போர்டுதான் இருக்கு. பழைய சிப்பு, பழைய திரை. இங்க தடவிப் பார்க்குது, ஒண்ணும் கைக்கு அகப்படலை, விழுந்துடுது."

"அப்ப?"

"அந்தத் தூக்கத்தை அழிச்சிட்டுப் புதுசா எழுப்பணும். நானூத்திப் பன்னிரண்டும் வந்துரும். சேமிக்காம திறந்து வெச்சது மட்டும் போயிடும். எதாவது திறந்து வெச்சிருந்தியா?"

திறந்து வைத்திருந்தது சலூன்காரரை.

முடிவெட்டும் மிஷினைக் கையில் எடுத்தால் அவர் காதுக் கருவிகளில் அதன் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்கும்போதெல்லாம் மிஷினை அணைக்க வேண்டும். ஒரு தலைக்கு இருபது தடவை அணைத்தால் யார் உட்கார்வார்கள்? வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்வரிசைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் முன்பு கடையை மூடிவிட்டு மிஷினோடு வந்து, அதைக் காதருகே ஓடவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். ஒலியை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, கடைசியில் இரைச்சல் பின்வாங்கிப் பேச்சு மட்டும் முன்னால் வந்தது. "மிஷின் பக்கத்து ரூமுக்குப் போயிடுச்சு மேடம்" என்று சிரித்தார். அவள் கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு, தூங்கிவிட்டு வரச் சொன்னாள். லேப்டாப்பை மூடினாள். மறுநாள் அது விழிக்காததும், ரிப்பேர், நாளை மறுநாள் மூணு மணிக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இன்றுதான் அந்த நாள்.

"அழிக்காம ஒண்ணும் பண்ண முடியாதா?"

மூன்று விதமாக முயன்றான். மூன்று முறையும் கோடு பாதியில் நின்றது.

"நகல்லதான் அழிக்கிறேன். அசல் டிஸ்க்குல அது அப்படியே இருக்கும்."

"இருந்து? அதை எழுப்ப உடம்பு இல்லையே."

"பிரிச்சுத் தேடலாம். கோடிக்கணக்குல எண்ணு கொட்டிக் கிடக்கும். உன் எட்டு எண்ணு எதுன்னு நான் பொறுக்கி எடுக்கிறதுக்குள்ள உன் சலூன்காரர் ரிட்டையர் ஆயிடுவாரு."

"சரி, அழி."

அடுத்த முறை பிழை காட்டும் நீலத் திரை வந்தது. டிஸ்க் எந்த வகையில் இணைந்திருக்கிறது என்ற அமைப்பை மாற்றினான். அதற்கடுத்த முறை எழுந்துவிட்டது. அவளுடைய பழைய திரைப் பின்னணிப் படம், மூலையில் அவள் போட்டுவைத்த கோப்புகள். கருவியை மாட்டும் சிறிய பெட்டியை உள்ளே இருக்கும் கணினிக்குத் தெரியும்படி தம்பி இணைத்ததும் நிரலும் திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. சலூன்காரர் பெயருக்கு நேராக மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி இருந்தது. எட்டு எண்களும் பழையவை.

"கிட்டத்தட்ட ஞாபகம் இருக்குமே. அதைப் போட்டுக் கொடு. அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"தெரியாது. அதான் கஷ்டம். என்னை நம்பிச் சரின்னுட்டுப் போவாரு. கடையில போய் மறுபடி அணைச்சு அணைச்சு வெட்டுவாரு."

"அப்ப சொல்லிடப் போறியா?"

மூணு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே சலூன்காரர் பையோடு வந்துவிட்டார்.

"என்ன மேடம், ரெடியா?"

கருவி இல்லாததால் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணே, அன்னிக்கு வெச்ச அளவு போயிடுச்சு. நான் சேமிக்கலை."

"மூணு மணி நேரமுமா?"

"முழுசும்."

"கடையைச் சாத்திட்டு வந்தேனே மேடம்."

"தெரியும்ணே. என் தப்புதான்."

அவர் பையைத் தரையில் வைத்தார். எழுந்து போவாரோ என்று அவள் பார்த்தாள். அவர் பார்த்தது தம்பியின் தலையை.

"தம்பிக்கு யாரு முடி வெட்டுறது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று தம்பி கத்தினான்.

"வலது பக்கம் எலி கடிச்ச மாதிரி இருக்கு." பிறகு அவளிடம் திரும்பி, "அன்னிக்கு மிஷினைச் சும்மா காதுகிட்ட பிடிச்சுக்கிட்டிருந்தோம். வெட்டும்போது இரைச்சல் வேற மாதிரி மேடம், முடியில பட்டா தடிக்கும். எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகம். நீங்க சிரமப்படுறீங்கன்னு சொல்லலை. இப்ப ஒரு தலை இருக்கு."

"அக்கா, நான் டிஸ்க்குக்குத்தான் வந்தேன்."

"உக்காருடா."

தம்பியின் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றினார்கள். சலூன்காரர் கருவிகளை மாட்டிக்கொண்டு மிஷினை எடுத்தார். தம்பி பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சலூன்காரர் வெட்டிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். பதில் வராத இடத்தில் அக்கா ஓர் எண்ணை மாற்றினாள். தம்பி அலுவலகத்துக் கதையெல்லாம் சொல்லித் தீர்த்து, கடைசியில் மாமியாரைப் பற்றித் தொடங்கினான். அதற்குத்தான் எல்லாப் பதில்களும் உடனுக்குடன் வந்தன. முடிக்கும்போது ஆறரை மணி. இரைச்சல் பக்கத்து அறைக்குப் போகவில்லை. கதவருகே நின்றது என்றார். பேச்சு மட்டும் விடாமல் கேட்டது.

"சேமிச்சிரு" என்றான் தம்பி, கழுத்தைத் தட்டிக்கொண்டே.

"தூங்கிட்டு வரட்டும்."

"இன்னுமாக்கா?"

"அவரு காது களைச்சிருக்கும். இதை இப்படியே தூங்க வைக்க முடியுமா?"

"முடியும்."

"வேற கணினியில எழுந்திரிக்குமா?"

"எழுந்திரிக்கும். இதுக்குன்னு ஒரு போர்டே கிடையாதே, எதைத் தேடப் போகுது?"

அவள் யோசித்தாள். பிறகு அந்தத் தூக்கத்தையும் நகல் எடுத்து ஒரு தனி டிஸ்க்கில் போடச் சொன்னாள். போட்டான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தாள். தம்பி தன் கணினியை விட்டுவிட்டு, தாளில் நான்கு வரி எழுதி வைத்துப் போயிருந்தான். அதன்படி அழுத்தினாள், முந்தின நாள் மாலை விட்ட இடம் வந்தது. சலூன்காரர் பத்து மணிக்கு வந்து இருபது நிமிடம் கேட்டார். ஆறாவது எண்ணை ஒரு படி இறக்கச் சொன்னார். சேமித்தாள். கருவிகளை மாட்டிக்கொண்டு கடை திறக்கப் போனார். பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்து, அலுவலகத்தில் யார் முடி வெட்டியது என்று மூன்று பேர் கேட்டதாகச் சொன்னான். எந்தத் தொனியில் கேட்டார்கள் என்று சொல்லவில்லை. மதியம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பேட்டரி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.