ராத்தாவுக்காகப் பேசப் போன நாள்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மாண்ட்ரியலுக்கு மேற்படிப்புக்கு வந்த எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் அறை எடுத்திருந்தேன்.

அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ராத்தா தனியாக இருந்தார். இலங்கையில் புத்தளத்துக்காரர். நான் ராமநாதபுரம் பக்கம். தமிழும் மார்க்கமும் ஒன்றாக இருந்ததால் சீக்கிரமே அக்கா தம்பி போல ஆகிவிட்டோம்; எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் அவருக்குச் சமையல் வேலை. மீதியான சூப்பை டப்பாவில் போட்டு என் கதவில் மாட்டிவிட்டுப் போவார்.

அவருடைய கணவர் அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன் வளைகுடாவுக்குப் போனவர், அங்கே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். இங்கே நீதிமன்றம் விவாகரத்து கொடுத்துவிட்டது. பிரெஞ்சில் வந்த அந்தத் தீர்ப்பைத் தட்டுத்தடுமாறி வாசித்துச் சொன்னவனே நான்தான். ஆனால் கணவர் தலாக் சொல்ல மறுத்ததால், மார்க்கப்படி ராத்தா இன்னும் அவர் மனைவி. "கோர்ட்டுப் பேப்பர் கையில் இருக்கிறதே, இன்னும் என்ன?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்களாம். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? அல்லாஹ்வுக்குப் பயந்து நடப்பவர் அவர். மனைவியை இழந்த ஒரு டாக்ஸி ஓட்டுநர் அவரை நிக்காஹ் செய்யக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். நோன்புப் பெருநாள் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ராத்தாவுக்குத் தேவைப்பட்டதெல்லாம் பள்ளிவாசல் கமிட்டி எழுதித் தரும் ஒரு விடுதலைக் கடிதம்.

அந்தச் சமயத்தில்தான் டவுன்டவுனில் எங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தார் ஒரு விவாதம் வைத்தார்கள். இஸ்லாமியச் சட்டமும் பெண்ணுரிமையும் மேற்கத்திய சமூகத்தில் ஒத்துப்போகுமா என்பது தலைப்பு. ஒத்துப்போகும் என்று பேச என்னை அழைத்தார்கள். இரண்டு வாரம் நூலகத்திலேயே கிடந்து தயாரித்தேன். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு, அவள் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை, கணவன் கைவிட்டுப் போனால் நிக்காஹ்வின்போது அவன் கொடுத்த மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளே விடுதலை கேட்கும் குலா, கணவன் சம்மதிக்காவிட்டாலும் காழி என்னும் மார்க்க நீதிபதி திருமணத்தை ரத்து செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எதிர்ப் பக்கத்தில் பேசிய பெண், இந்த ஊரில் ஒருத்திக்காவது அந்த விடுதலை சுலபமாகக் கிடைத்திருக்கிறதா என்று கேட்டாள். சட்டத்தில் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்றேன். கைதட்டல். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். என் வாப்பா விறகுக்கடையில் மரம் பிளப்பவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர். அவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஒரு வார்த்தை புரியாமல் பத்துத் தடவை பார்த்தாராம்.

ராத்தாவும் பார்த்தார். மறுநாள் கீழே இறங்கி வந்து, "தம்பி, இண்டைக்கு வரைக்கும் எனக்காக ஒருத்தரும் வாய் திறக்கல்ல. யூனிவர்சிட்டியில கதைச்சதை கமிட்டியில வந்து கதைச்சாப் போதும்," என்றார். அதற்கென்ன, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் மாதம். பனி உருகி நடைபாதை முழுக்கச் சேறு. தொழுகைக்கு நாங்கள் கூடும் இடம் ஒரு கடைக்கு மேலே இருந்த வாடகை மண்டபம்தான். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மூன்று பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத் திரைக்கு அந்தப் புறம் ராத்தா. உள்ளே போகும் முன் என் கையில் ஒரு டிஷ்யூப் பொட்டலத்தைக் கொடுத்திருந்தார், மேசையில் வைக்கச் சொல்லி. மஹராக வந்த சங்கிலி.

பெரியவர்களில் ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டார். வீடியோவைப் பார்த்துக் கண்ணீர் வந்துவிட்டதாம். பக்கத்தில் இருந்தவர்களிடம், "இந்தப் புள்ளையோட வாப்பா விறகு வெட்டுறவரு. புள்ள வெள்ளைக்காரன் வாயை அடைச்சுட்டு வந்துருக்கான்," என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். எனக்குத் தேநீர் வந்தது. நாற்காலி வந்தது. எங்கள் ஊர் ஜமாஅத்தில் வாப்பா ஒருநாளும் உட்கார்ந்து பேசியவரில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுதான் பேசுவார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். கணவருக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தோம், விட மாட்டேன் என்கிறார், அவர் சம்மதிக்காமல் நாங்கள் பிரித்து வைக்க முடியாது என்றார்கள். ரத்து செய்யக் காழி வேண்டும், கனடாவில் காழிக்கு எங்கே போவது, நாங்கள் காழி இல்லை என்றார் நடுவில் இருந்தவர். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. காழி இல்லாத ஊரில் நல்லவர்கள் நாலு பேர் கூடி அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்று சொல்லும் மார்க்க நூலின் பக்கத்தை என் போனில் எடுத்து வைத்திருந்தேன்.

ஊர்க்காரர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க எந்த மதரஸாவுல ஓதுனீங்க?" குத்தலாகக் கேட்கவில்லை, பிரியமாகத்தான் கேட்டார். எங்கும் ஓதவில்லை என்றேன். "பரவாயில்ல. படிச்ச புள்ள. மேடையில வெளியாளுக்குச் சொல்றது ஒண்ணு, நமக்குள்ள பேசுறது ஒண்ணு. அது உங்களுக்கே தெரியும். நாங்க சொல்றது தப்புன்னா சொல்லுங்க."

மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

"நீங்க பெரியவங்க," என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்து விழுந்து வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. மேசையில் நான் வைத்த சங்கிலிப் பொட்டலத்தை யாரும் தொடவில்லை. நான்தான் திரும்ப எடுத்து வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ராத்தா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்.

"தம்பி, அண்டைக்கு யூனிவர்சிட்டியில நீங்க கதைச்சது என்னைப் பத்தி எண்டு நினைச்சிட்டன்."

பிறகு எனக்கு வீரம் வந்தது, அறைக்குள் தனியாக இருக்கும்போது. நகரத்தின் இன்னொரு பள்ளிவாசலுக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். அவர்கள் முதல் கமிட்டியிடம் விசாரித்தார்கள். வந்த பதிலில், விஷயம் பேசி முடிக்கப்பட்டதாகவும், பெண் தரப்பில் வந்த படித்த இளைஞரும் ஒத்துக்கொண்டதாகவும் இருந்தது. ராத்தாவின் பக்கம் பேசப் போன ஒரே ஆளின் சாட்சி அவருக்கு எதிராகப் பதிவாகியிருந்தது. இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்து எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொன்னேனே.

பெருநாள் வந்து போனது. டாக்ஸி ஓட்டுநர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்தார், அப்புறம் அவர் பிள்ளைகளின் நிர்ப்பந்தத்தில் வேறு இடத்தில் நிக்காஹ் முடித்துக்கொண்டார். ராத்தா அதே மாடியில்தான் இருக்கிறார். படியில் பார்த்தால் ஸலாம் சொல்கிறார், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார். அவர் பெயர் இன்னமும் விட்டுப்போன கணவரின் பெயரோடுதான் கட்டப்பட்டுக் கிடக்கிறது. பல்கலைக்கழகச் சங்கமோ புதிதாக வரும் மாணவர்களுக்கு என் வீடியோவை இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். இவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறாயே, ஏன் என்று கேட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று என்னைச் சொல்வார்கள். ஆனால் அதே அறையில், அதே நாற்காலியில் நாளைக்கே என்னை மறுபடி உட்கார வைத்தால் வாய் திறப்பேன் என்று இன்றுவரை ராத்தாவிடம் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.