புல் பிடித்தால் இருப்போம்

காலையில் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு மாடு நிற்கும். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து எங்கள் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பந்தியில் இடம் கிடைக்காதவர் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆக்லாந்தில் இருபது வருடம்போல இருந்தோம். அங்கே எங்கள் புல்லை யாரும் சாப்பாடாகப் பார்த்ததில்லை. திருமுல்லைவாயிலில் வந்து இறங்கிய பிறகுதான், இரண்டு கார் நிறுத்துகிற இடத்தில் சமைக்கவும் முடியாத, விற்கவும் முடியாத ஒன்றை வளர்ப்பது எவ்வளவு விசித்திரமான காரியம் என்று எனக்கு உறைத்தது.

அங்கேயே இருந்துகொண்டு, ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போய்விடலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திட்டம் போடும்போது வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரவேண்டும் என்பது என் ஆசை. என் தங்கை முகப்பேரில் இருக்கிறாள். நினைத்தால் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். இந்தச் சுகம் எந்த நாட்டில் கிடைக்கும்? இவருக்கோ மனசு அங்கேயே இருந்தது. ஆக்லாந்து வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுத்தான் வந்தார். வந்த கையோடு நர்சரியில் சொல்லி மெக்சிகன் புல்லைச் சதுரம் சதுரமாகக் கொண்டுவந்து பதித்தார். "ஒரு வருஷம் பாப்போம். புல்லு பிடிச்சா இங்கேயே இருந்துடலாம், அந்த வீட்டை வித்துடலாம். பிடிக்கலேன்னா கிளம்பிடணும்" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவைப் புல்லின் தலையில் கட்டிவிட்டார். எனக்கு வேறு வழி இல்லை. அங்கே இருந்தவரை ஒரு செடியைக்கூடத் தொடாதவள், இங்கே களைக்கொத்தும் கையுமாக ஆனேன்.

புல்லுக்காகக் கொட்டிய செம்மண்ணிலும் சாணி எருவிலும் ஊரில் உள்ள விதையெல்லாம் ஓசியில் வந்து இறங்கியிருந்தது. முதல் மழைக்கே மூக்கிரட்டை, கீழாநெல்லி, குப்பைமேனி, நடுநடுவே கோரை. இவர் ஆக்லாந்துப் பாடத்தை ஆரம்பித்தார். களையைப் பிடுங்குவது வைத்தியம், வரவிடாமல் செய்வதுதான் ஆரோக்கியம். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. கொஞ்சம் உயரமாக விட்டால் அந்த நிழலில் களை விதை முளைக்காது. தினமும் தெளிப்பதைவிட இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக ஊறவிட வேண்டும். களையைப் பூத்து விதை விடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது எடுக்க வேண்டும். முக்கியமாக, வேரோடு எடுக்க வேண்டும். மருந்து அடிக்கலாமா என்றார். பக்கத்திலேயே போர்வெல், போதாததற்கு அந்த மாடு, வேண்டாம் என்றேன். ஆக பாடம் அவருடையது, வேலை என்னுடையது. கோரை மட்டும் யார் பாடத்துக்கும் அடங்கவில்லை. மேலே இழுத்தால் கிழங்கு கீழே தங்கிவிடும், அடுத்த வாரம் சொந்தபந்தத்தோடு வந்து நிற்கும்.

பிடுங்கிய மூக்கிரட்டையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. எதிர்வீட்டு மல்லிகா அக்காவிடம் கொடுத்துவிடுவேன். இங்கே வயல் இருந்த காலத்தில் அவர்கள் குடும்பம் அதில் கூலிவேலை செய்தது. இப்போது மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். "சோக்கா கீதும்மா கீரை" என்று வாங்கிக்கொள்வார். நான் தினமும் உட்கார்ந்து பறிப்பதையும், இவர் சனிக்கிழமைதோறும் புல் வெட்டும் மெஷினைத் தள்ளுவதையும் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து என்ன நினைத்துக்கொண்டார் என்று நாங்கள் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் ஒருமுறை பட்டிருக்கிறோம். ஆக்லாந்து போன புதிதில் எங்கள் புல்வெளி முழுக்க மஞ்சள் பூ பூத்தது. சாமி படத்துக்குப் பூ கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெய்வச் செயலாகத் தெரிந்தது. அங்கே அது களை, விதை காற்றில் பறந்து அடுத்த வீட்டுக்கும் போகும் என்று தெரியாது. பக்கத்து வீட்டு கிரஹாம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, உங்கள் டான்டிலயன் எல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்து வருகிறதே என்றார். மெச்சுகிறார் என்று நினைத்து இவர், "தேங்க்யூ, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவைத்தார். அடுத்த சனிக்கிழமை கிரஹாம் நீளமான ஒரு கம்பியோடு வந்து அத்தனையையும் வேரோடு எடுத்துவிட்டு, பெரிய உதவி செய்த திருப்தியில் கைகுலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் சாமிக்குப் பூ இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவரோ அன்றிலிருந்து கிரஹாமுக்குச் சீடராகிவிட்டார்.

போன மாதம் தங்கை மகளுக்கு வளைகாப்பு. முகப்பேரில் ஒரு வாரம் தங்கிவிட்டோம். கேட் சாவியை மல்லிகா அக்காவிடம் கொடுத்து, "கொஞ்சம் தண்ணி விட்டுப் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லியிருந்தேன். அந்த வாரம் நல்ல மழை. திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினால் புல்லைக் காணோம். செம்மண்ணை யாரோ சீராகக் கொத்திவிட்டிருந்தார்கள். அதில் மூக்கிரட்டையும் கீழாநெல்லியும் குப்பைமேனியும் தளதளவென்று நின்றன. கேட்டுக்கு வெளியே அந்த மாடு, கடைசியில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவரின் நிறைவோடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மல்லிகா அக்கா தெருவைக் கடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, பாத்தியா? புல்லு மண்டிகினு கீரையெல்லாம் அமுக்கிகினு இருந்துச்சு. மனசு கேக்கல. நானும் மருமவளும் குந்திகினு பறிச்சுப் போட்டுட்டோம். சார் பாவம், வாரா வாரம் மெஷின வச்சிகினு மேலால மேலால வெட்டறாரு. வேரோட புடுங்கினாதானே சார் போவும்?"

வேரோடு எடுப்பது இவருடைய சொந்தப் பாடம். பரணில் போட்ட பெட்டிகளை மறுபடி இறக்க வேண்டும், இனி தங்கையோடு போனில்தான் சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ரொம்ப சிரமமா இருந்திருக்குமே?" என்றார் இவர், மெதுவாக.

"அத்த ஏன் கேக்கற சார். ஒரு நாள் பூரா ஆச்சு. இன்னாமா வேரு புடிச்சிகினு கீது. கை ரெண்டும் எரியுது."

"அவ்வளவு வேரா?"

"ஆழமா எறங்கிகினு இருந்துச்சு சார்."

"தேங்க்யூக்கா" என்றார் இவர். கிரஹாமிடம் சொன்ன அதே தேங்க்யூ.

உள்ளே வந்ததும் பயந்துகொண்டே, "அப்ப கிளம்பணுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பிடிச்சா இருக்கலாம்னுதானே சொன்னேன். ரெண்டு பேர் ஒரு நாள் பூரா இழுத்திருக்காங்க. பிடிக்காத புல்லா இருந்தா அரை மணியில வந்திருக்காதா?"

கோர்ட்டில் வாதாடுகிற தோரணையில்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அன்று ராத்திரி மூக்கிரட்டைக் கூட்டு வைத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆக்லாந்து வீட்டை விற்கிற வேலை இப்போது நடக்கிறது. இங்கே குழாயடியில், மல்லிகா அக்கா கண்ணுக்குத் தப்பி, மிதியடி அளவுக்குப் புல் மிஞ்சியிருக்கிறது. இவர் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, சுற்றியுள்ள கீரைக்குத் தண்ணீர் விடுகிறார். நேற்று ஆக்லாந்து வீட்டில் குடியிருக்கும் பையன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கிரஹாம் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம். படத்தில் எங்கள் புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆள் வைத்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தான். இவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இருக்கட்டும்னு எழுதுங்க" என்றேன். எழுதினார். பிறகு குழாயடிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லின்மேல் ஏறி நின்றார். சரியாக இரண்டு காலுக்குத்தான் அதில் இடம் இருந்தது. மாடு கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.