குட்டி போடும் ஓணான்

செய்திகளைக் கீழிருந்துதான் வெட்டுவோம். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் கடைசிப் பத்தி போகும், அதற்கும் மேல் வேண்டுமென்றால் அதற்கு முந்தியது. முக்கியமானதை மேலே சொல்ல நிருபர்கள் முதல் மாதத்திலேயே பழகிவிடுவதால், வெட்டப்போவதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பைப் பல வருடம் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

மேலப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் என் நண்பர். இளமையெல்லாம் சவூதியில் கழித்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய ஒரே மகள் லடாக்கில் ஓர் ஏரிக்கரை மணலில் ஓணான்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கோடை என்று சொல்லிப் போனவள், இன்னும் இரண்டு கோடை வேண்டும் என்றாள். இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை வேலை அவளுக்காகக் காத்திருந்தது. மாதம் முடிவதற்குள் பாய் பதில் சொல்லியாக வேண்டும்.

"அங்கன அப்படி என்னதான் வே இருக்கு? இங்கன ஓணான் இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவளையே எழுதச் சொல்லுதேன் பாய். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல படிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

"சரி, எழுதட்டும். ஞாயம் இருந்தா நானே டிக்கெட் போட்டுக் குடுக்கேன்."

சிக்னல் கிடைத்தபோதெல்லாம் அவள் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். கோடையிலும் விடியற்காலையில் பாட்டில் தண்ணீர் உறைந்துகிடப்பதை, மரமே இல்லாத சரளை மண்ணை, வெயில் ஏறிய பிறகே வளையைவிட்டு வரும் உள்ளங்கையளவு ஓணான்களை. சினைப்பட்டவை சூடேறிய கல்லில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்குமாம். நிழல் வந்தால் எழுந்து வெயிலுக்கு நகருமாம்.

வியாழக்கிழமை மதியம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்து பாதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. கட்டுரையின் கடைசி இரண்டு பத்திகளை வெட்டினேன். மிச்சத்தைத் திருத்திக்கொண்டு வரும்போது ஒரு வரி இடறியது: "கோடை முடிவில் இவை குட்டி போடும்."

நான் ராதாபுரம் பக்கத்துக்காரன். உடைமர வேலியின் கீழே ஓணான் செம்மண்ணைத் தோண்டி முட்டையிடுவதை, மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். ஓணானைப் படிக்கவே போனவளுக்கு இது தெரியாதா என்று நினைக்கவில்லை. ஒரு முறை போன் செய்தேன், கிடைக்கவில்லை. "குட்டி போடும்" என்பதை "முட்டையிடும்" என்று மாற்றிப் பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கடையில் இருந்தேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். மகளின் பெயரை இரண்டு முறை படித்தார். தின்னர் வாங்க வந்த பெயின்டர் ஒருவர் கடைசிவரை நின்று கேட்டார்.

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி? ஓணான் முட்டை போடுததைப் பாக்கவா உம்ம மவ இமயமலைக்குப் போனா? பாளையங்கால்வாய்க் கரையில வந்து நிக்கச் சொல்லும், நாலு முட்டை நானே எடுத்துத் தாரேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கொஞ்சம் நானும் சிரித்தேன். பாய் பேப்பரை நான்காக மடித்து மேஜைக்குள் வைத்தார். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குப் போய், மகள் வேலைக்கு வருவாள் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்தாள். வாப்பா சொன்ன முடிவு அவளுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

"மாமா, கடைசிப் பத்தியை வாப்பா படிச்சாங்களா? என்ன சொன்னாங்க?"

"இடம் இல்லம்மா," என்றேன்.

அதன் பிறகுதான் அந்த இரண்டு பத்திகளையும் போனில் தேடிப் படித்தேன். அந்தக் குளிர்ந்த மண்ணில் முட்டை பொரியாது. அதனால் தாய் அதை மண்ணிடம் விடாமல் வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. நாளெல்லாம் வெயிலைத் தேடித் தேடிப் படுப்பது அந்தக் கருவுக்குச் சூடு சேர்க்கத்தான். சினையோடு வேகமாக ஓட முடியாது, பருந்து பார்த்தால் அவ்வளவுதான். கடைசியில் வாப்பாவுக்காகவே எழுதியதுபோல் ஒரு வரி: "நம் ஊர் ஓணான் செய்யாத ஒன்றை இது எப்படிச் செய்கிறது என்று பார்க்க ஒரு கோடை போதாது."

அடுத்த ஞாயிறு, பக்கத்தின் மூலையில் இரண்டு வரியில் திருத்தம் போட்டோம். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கூடவே கடைசிப் பத்திகளையும் படித்துக் காட்டினேன். பாய் முழுதாகக் கேட்டார்.

"இதை முன்னாலயே போட்டிருக்கலாம்லா வே," என்றார். கொஞ்ச நேரம் ஆணிப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் வாக்கு குடுத்துட்டேன். இனி என்னத்த?"

வியாபாரத்தில் அவர் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை. மாற்றச் சொல்லி ஒரு தடவையாவது நான் வற்புறுத்தியிருக்கலாம். செய்யவில்லை.

அவள் இப்போது அந்தப் பள்ளியில்தான் இருக்கிறாள். நல்ல ஆசிரியை என்கிறார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன ஆகஸ்டில் கடை வாசலில் பார்த்தபோது போனை நீட்டினாள்.

"பெத்துட்டு மாமா."

ஏரிக்கரையில் அவளுடைய இடத்துக்கு வந்தவர் அனுப்பிய படம். கையுறை போட்ட உள்ளங்கையில், மணல் நிறத்தில், விரல் நுனியளவு இரண்டு குட்டிகள். படத்தை அவள் விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். கை வேறு யாருடையதோ.