வீடியோவில் இல்லாத ஸ்டெல்லா

சனிக்கிழமை காலை ஆறு மணி ரயிலில் சென்னையை விட்டுக் கிளம்பினேன். பெங்களூரு முந்நூற்றறுபது கிலோமீட்டர். எங்கள் மகளிர் கூடைப்பந்துக் கிளப்பில் ஓர் இடம்தான் காலி. அதற்கு இரண்டு இளம் வீராங்கனைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. உண்மையைச் சொன்னால் காட்பாடி வருவதற்குள் வேலையை முடித்துவிட்டேன். வீடியோக்களைப் பார்த்து, மேகாவுக்கு ‘சரி’, ஸ்டெல்லாவுக்கு ‘வேண்டாம்’ என்று எழுதியாயிற்று. ஸ்டெல்லாவின் வீடியோவில் ஸ்டெல்லாவையே காணோம், நான் என்ன செய்வது?

10.45. கன்டோன்மென்ட் நிலையம். மைதானம் இருக்கும் காக்ஸ் டவுன் மூன்று கிலோமீட்டர்தான்.

“நூறு ரூபா குடுங்கம்மா. ரோட்டைத் தோண்டி வெச்சிக்கிறாங்க, சுத்திக்கினு போவணும்” என்றார் ஆட்டோக்காரர். ஏறிக்கொண்டேன். தோண்டித்தான் வைத்திருந்தார்கள்.

11.30. தேவாலயத்துக்குப் பின்னால் மைதானம். பயிற்சியாளர் டேவிட் டீ கொடுத்தார். இருவரையும் ஷூவைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தினேன். ஷூ ஓர் அங்குலம் பொய் சொல்லும். மேகா ஆறடி இரண்டு அங்குலம். ஸ்டெல்லா ஐந்தடி ஒன்பது.

“ஸ்டெல்லாவுக்கு இந்த மாசத்தோட இங்க கான்ட்ராக்ட் முடியுது மேடம்” என்றார் டேவிட் மெல்ல. “எலக்ட்ரானிக் சிட்டில ஆபீஸ் வேலை கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். நைட் ஷிஃப்ட். சேந்துட்டா அப்புறம் பிராக்டீஸ் எங்க?”

பரிதாபத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12.00. ஆட்டம். மேகா எம்பினாள், போட்டாள், கைதட்டலும் வாங்கினாள். பிறகு என் பழைய வழக்கப்படி பத்து நிமிடம் பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஸ்டெல்லாவை மட்டும் பார்த்தேன்.

அடேயப்பா! பந்து வருவதற்கு இரண்டு எட்டு முன்பே அவள் அந்த இடத்தில் நிற்கிறாள். “ஷீலா, ரைட்ல ஆளு!” என்று தன் அணிப் பெண்ணுக்குக் கத்துகிறாள். எதிரணி வழியில்லாமல் திரும்புகிறது. மூன்று முறை இப்படி. ஸ்கோர் பலகையில் இதற்குக் கட்டம் இல்லை. கூடையில் போடச் சொல்லிக்கொடுக்கலாம். பந்து எங்கே வரும் என்று தெரிவதை என்னால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் கேட்டேன். “ஏம்மா, வீடியோல உன்னைக் காணோமே?”

“எங்கண்ணன் எடுத்தான் மேம். பந்து பின்னாலயே போயிடுவான். நான் இந்தாண்ட நிக்கிறேன்டான்னா, நீ சும்னே நிக்கிற, உன்ன எதுக்கு எடுக்கறதுன்றான்.”

கன்னட ‘சும்னே’, நம் ‘சும்மா’. சிரித்தேன். உடனே வெட்கமாகவும் இருந்தது. ரயிலில் நானும் அதைத்தானே செய்தேன்?

“திங்கட்கிழமை வேலைக்குப் போகாதே. சென்னைக்கு வா” என்றேன். ஸ்டெல்லா குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மேகாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவளைக் கேட்டு வேறு இரண்டு கிளப்புகள் காத்திருக்கின்றன.

4.30. திரும்பும் ரயில். பெங்களூருவில் ஓர் அண்ணன் என்றால், எங்கள் சென்னையில் எத்தனை அண்ணன்கள் பந்தின் பின்னால் ஓடியிருப்பார்கள்! செல்போனில் பழைய பட்டியலைத் திறந்தேன். இந்த வருடம் வீடியோவை மட்டும் பார்த்து நான் ‘வேண்டாம்’ என்று எழுதியவர்கள் பதினொரு பேர். ஜோலார்பேட்டை தாண்டியதும் முதல் பெயரை அழைத்தேன். பெரம்பூர்ப் பெண். இப்போதும் ஆடுகிறாயா என்று கேட்டேன்.

“ஆட்டத்தை விட்டு எட்டு மாசமாச்சு மேடம்” என்றாள். “எதுக்குக் கேக்கறீங்க?”